எஞ்சின் பாஸின் வலக் காது

மட்டக்களப்பில் கதிரவெளி தொடங்கி ஆரையம்பதி வரை எத்தனையோ ஆயிரம் சோடிக் காதுகள் இருக்கின்றன. அத்தனையும் சேர்ந்தாலும் எங்கள் எஞ்சின் பாஸின் ஒற்றை இடக் காதுக்கு ஈடாகாது. இதை எழுதும்போதுகூட எனக்கு வயிறு எரிகிறது.

படகு எஞ்சின் திருத்துவது அவர் தொழில்; கைத்தொழில் தெரிந்தவரை எங்கள் பக்கம் 'பாஸ்' என்போம். ஓடும் எஞ்சினுக்கு வலப்பக்கத்தைக் கொடுத்து நின்றே வலக் காது முற்றாகப் போய்விட்டது. மிஞ்சிய காதை வைத்துக்கொண்டு, வாவியின் நடுவில் வருகிற படகைக் கரையில் நின்றபடியே கேட்டு, "ரெண்டாவது பிளக்கில கரி. வரட்டும், கழட்டுவம்" என்பார். படகு வந்து சேரும். கழற்றினால் கரி இருக்கும்.

அப்படிப்பட்டவர் ஐம்பது வயதில், தூக்கித் திரியக்கூடிய எட்டுத் தட ரெக்கோடர் ஒன்றைப் பழையதாக வாங்கி, ஸ்டீரியோவில் பாட்டுச் செய்யப்போவதாக அறிவித்தார். ஒரு காது செவிடான மனிதர்! ஊர் சிரித்தது. எல்லாரையும்விட நான்தான் உரக்கச் சிரித்தேன். ஏனென்றால் அதே வகை ரெக்கோடர் என்னிடமும் இருந்தது. புத்தம் புதியது, மகன் தோஹாவிலிருந்து அனுப்பியது. நானோ பௌதிகவியல் ஆசிரியன்; ஊருக்கே 'சேர்'. இருபத்தெட்டு வருடம் கரும்பலகையில் ஒலியலை வரைந்தவன்.

என் ரெக்கோடருக்கு வெல்வெட் உறை. அவருடையது மீனுக்கு ஐஸ் போடுகிற ரெஜிபோம் பெட்டிக்குள் கிடக்கும். ஹெட்போனை மாட்டினால் முதலில் இறால் மணக்கும், பிறகுதான் பாட்டுக் கேட்கும்.

இந்த வேலை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். குரல், உடுக்கு, ஆர்மோனியம் என்று தனித்தனித் தடங்களில் பதிந்ததை இடம், வலம் என்ற இரண்டு தடங்களுக்குள் சேர்ப்பது கலவை. அந்தக் கலவையைச் சீவிச் சிங்காரித்து, சத்தத்தைச் சரியான மட்டத்தில் நிறுத்துவது மாஸ்டரிங். இரண்டு காதும் உள்ளவனுக்கே தலை சுற்றும் வேலை.

பாஸ் இடக் காதில் இடப்பக்கத்தைக் கேட்பார். பிறகு ஹெட்போனைத் திருப்பி மாட்டி, அதே காதில் வலப்பக்கத்தைக் கேட்பார். பிறகு கண்ணை மூடி இரண்டையும் தலைக்குள் கூட்டுவார். கடைசிப் பரீட்சை தண்ணீர் பீப்பாவில். அதற்குள் எஞ்சின் ஒன்றை ஓடவிட்டு, அந்த இரைச்சலுக்கு மேலாகப் பாட்டின் சொல் விளங்கினால்தான் மாஸ்டரிங் முடிந்தது.

"பாஸ், எண்ட எஞ்சினத் திருத்தியாச்சா?" என்று மீனவன் ஒருவன் வந்து கேட்பான்.

"பொறுங்க தம்பி, சரணம் இன்னும் சரிவரல்ல."

"சரணத்தக் கட்டிக்கொண்டா நான் கடலுக்குப் போற?"

புத்தாண்டுத் தோணி ஓட்டம் வந்தது. கரையில் ஒலிபரப்ப ஒரு பாட்டு வேண்டுமென்று மீனவர் சங்கத்தார் கேட்டார்கள். நான் ஒன்று செய்தேன். அவரும் ஒன்று செய்தார். கொடுப்பதற்கு முதல்நாள் ஐஸ் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தார்.

"சேர், தனித்தனியாக் கேட்டுட்டன். ரெண்டும் சேந்து சமனா இரிக்கா எண்டு சொல்ல ரெண்டு காதுள்ள ஆள் வேணும்."

ஹெட்போனை மாட்டினேன். இடப்பக்கம் அவர் மனைவியின் குரல். வலப்பக்கம் உடுக்கு. நடுவில் துடுப்புத் தண்ணீரை வெட்டும் சத்தம். ஒரு மயிரிழை கூடச் சாயாமல் அப்படியே நின்றது. என் பாட்டு அதற்குப் பக்கத்தில் பள்ளிக்கூடக் காலைக்கூட்டம் மாதிரி. என் இரண்டு காதுகளும் கூசின.

"வலம் குறைவு, பாஸ்" என்றேன்.

கூட்டினார். "இன்னும் குறைவு" என்றேன். மறுபடியும் கூட்டினார். ரெக்கோடரின் சிறிய திரையில் இடத்துக்கும் வலத்துக்கும் மட்டம் காட்டும் இரண்டு கோடுகள் உண்டு. அவர் குனிந்து பார்த்தார்.

"சேர், மீட்டர்ல வலம் சிவப்பில நிக்குதே?"

நான் ஹெட்போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"மெசின் பொய் சொல்லும். நீங்க சொல்ல மாட்டீங்க" என்று அவரே முடிவு செய்தார். சட்டைப் பையிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்து, மீட்டரின் மேல் ஒட்டி, சுருக்கம் விழாமல் விரலால் தடவிவிட்டார். சரியான பதிவின் மேலேயே பிழையான மாஸ்டர் எழுதப்பட்டது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சங்கத் தலைவர் தன் வேனில் போட்டுக் கேட்டார். ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். உடுக்கு அவர் முழங்காலுக்குள் இருந்து வெடித்தது.

"என்ன பாஸ் இது? தோணி ஓட்டவா, பேயோட்டவா?"

என் பாட்டு வென்றது. அது ஒலித்தபோது சனங்கள் கச்சான் கடலை வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

அதோடு முடிந்திருந்தால் சின்னப் பாவம். பாஸ் ரெக்கோடரை மீட்டர் பழுதென்று கொழும்புக்கு அனுப்பினார். பழுதில்லை என்று திரும்பி வந்தது. "சேரும் பொய் சொல்ல மாட்டார், மெசினும் பொய் சொல்லல்ல. அப்ப பழுது என்னிலதான்" என்றார். இருந்த ஒரு காதும் போகத் தொடங்கிவிட்டதென்று நம்பினார். பாட்டை விட்டார். பிறகு எஞ்சினைக் காதால் கேட்பதையும் விட்டார். படகு வந்தால் பிளக் முதல் பம்பு வரை எல்லாவற்றையும் கழற்றிப் பரப்பி வைத்துக்கொண்டு பார்ப்பார். மீனவர்கள் வேறு மெக்கானிக்கைத் தேடினார்கள்.

நான்கு மாதம் பொறுத்தேன். ஒரு காலையில் அவருடைய கொட்டிலுக்குப் போய், பக்கத்தில் அமர்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நட்டுகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் அமர்ந்தது அவருடைய வலப்பக்கம். தற்செயலாக அல்ல. அவ்வளவுதான் என் வீரம்.

எழுந்து இடப்பக்கம் போய் மறுபடியும் சொன்னேன்.

அவர் துணியைக் கீழே வைத்தார். "அப்ப எண்ட காது?"

"ஒண்டுமில்ல. நல்லாத்தான் இரிக்கு, பாஸ்."

"மீட்டர்?"

"அதுவும் நல்லாத்தான் இருந்த."

அடிப்பார் என்று கண்ணை மூடினேன். அவரோ வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினார். "புள்ள! எண்ட காது போகல்லகா! சேர்தான் பொய் சொல்லியிரிக்கார்!"

வாசலில் மனைவி தோன்றினார். "அந்தப் பாட்டுக்கு முப்பது தரம் இவர் என்னைப் பாட வச்சார். ஆரு சேர் அதத் திருப்பித் தாற?" என்று கேட்டார். அன்றிலிருந்து இன்றுவரை அந்த வீட்டில் எனக்குத் தேநீர் இல்லை. நியாயம்தான்.

பாஸ் திரும்பவும் எஞ்சினைக் கேட்கத் தொடங்கினார். பாட்டும் செய்கிறார். முன்னையதைவிட நன்றாக. எனக்கு முன்னையதைவிட எரிச்சல். ஆனால் என்னைக் கேட்கச் சொல்லி ஒருநாளும் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை.

போன கிழமை கொட்டில் பக்கம் போனேன். சந்தியில் சலூன் வைத்திருக்கிற பொடியன் பாஸுக்கு முன்னால் கதிரையில் இருக்கிறான். தலையில் அந்த இறால் ஹெட்போன். கண்ணை மூடி, தலையை ஆட்டி, "வலம் கொஞ்சம் கூடிப்போச்சு, பாஸ்" என்கிறான். என் வாழ்நாளில் எந்தப் பாட்டும், எந்தப் பரிசும் என்னை அப்படி எரித்ததில்லை.

உள்ளே போய் அவன் தோளைத் தட்டினேன்.

"எழும்புங்க தம்பி. அது எண்ட இடம்."