ஏழாம் வார்டு ஆரூடம்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் பல் தேய்க்கும்போதே முடிவு செய்துவிட்டார். இன்றைக்கு ஜெயித்தே தீருவது.

இப்படி முடிவு செய்வது அவருக்குப் புதிதல்ல. இதற்கு முன் ஆறு தடவை முடிவு செய்து, ஆறு தடவையும் மண்ணைக் கவ்வியிருக்கிறார். ஆனால் அந்த ஆறு தடவையும் அவர் வெறும் நம்பிக்கையோடு போனார். இந்தத் தடவை ஏற்பாட்டோடு போகிறார். வாயில் நுரையோடு கண்ணாடியைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி ஆனால் போதும், அவர் வீட்டு ஹாலில் கூட்டம் கூடிவிடும். மூன்றாம் மாடியிலிருந்து லிஃப்ட் மெக்கானிக் வருவார். எதிர்வீட்டுப் பல் டாக்டரம்மா வருவார். மனைவியின் தம்பி, அதாவது மச்சினன், மின்சார மீட்டர் ரீடிங் எடுப்பவன், அவன் மூன்றரைக்கே வந்து நல்ல நாற்காலியைப் பிடித்துவிடுவான். எல்லோரும் சேர்ந்து ஒரு தொடர் பார்ப்பார்கள். வாரம் ஒரு பாகம். யாரும் தனியாக முன்கூட்டிப் பார்க்கக்கூடாது. இது சத்தியம் செய்யாத சத்தியம்.

தொடரின் கடைசிப் பாகத்தன்று போட்டி. முதலில் வழக்கமான வினா விடை. பிறகு ஆரூடச் சுற்று. கடைசிப் பாகத்தில் என்ன நடக்கும் என்று ஐந்து கேள்வி. அவரவர் ஆரூடத்தைச் சீட்டில் எழுதி, மடித்து, பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். பிறகு பாகத்தைப் பார்த்துவிட்டுச் சீட்டைப் பிரிப்பார்கள். மொத்தத்தில் யார் ஜெயிக்கிறாரோ, அவர் சொல்லும் தொடரைத்தான் அடுத்து எல்லோரும் பார்க்க வேண்டும். முணுமுணுக்கக் கூடாது.

மச்சினன் நான்கு தடவை ஜெயித்தான். எல்லோரும் கேக் சுடும் போட்டியும், வீடு இடித்துக் கட்டும் நிகழ்ச்சியும் மாதக்கணக்கில் பார்த்தார்கள். டாக்டரம்மா இரண்டு தடவை ஜெயித்தார். அதில் ஒன்றுதான் இப்போது ஓடும் ‘ஏழாம் வார்டு’. ஆஸ்பத்திரிக் கதை.

கேள்வி கேட்பது எப்போதும் கடைக்காரரின் மனைவிதான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. முதல் நாள் இனிப்பை வெளுத்துக் கட்டிவிட்டு, வெறும் வயிற்றில்தான் வந்தேன் என்று சத்தியம் செய்கிறவர்களை ஒரு சொட்டு ரத்தத்தில் பிடித்துவிடுவாள். கேள்வி விஷயத்தில் புருஷன் என்றும் பார்க்க மாட்டாள், தம்பி என்றும் பார்க்க மாட்டாள்.

சரி, இவ்வளவு அடித்துக்கொண்டு கடைக்காரர் ஜெயித்து என்ன ஆகப்போகிறது?

அங்கேதான் இருக்கிறது சங்கதி. அவருக்குப் பத்து வயதாக இருக்கும்போது ‘ஒற்றைப் பாறை விளக்கு’ என்று ஒரு தொடர் வந்தது. கடலுக்கு நடுவே ஒரு பாறை. அதன்மேல் கலங்கரை விளக்கம். அதைப் பார்த்துக்கொள்ளும் விளக்குக்காரர், படி இறங்காமலே கப்பல்களில் நடக்கும் குற்றங்களையெல்லாம் கண்டுபிடிப்பார். ஒரு புயல் நாளில் யாரோ விளக்கை அணைத்துவிடுகிறார்கள். ஒரு கப்பல் பாறையில் மோதுகிறது. அணைத்தது யார்? இருபத்தாறாம் பாகத்தில்தான் விடை. இருபத்தைந்தாம் பாகம் முடிந்த அன்றே அவர் வீட்டு டி.வி. புகைந்துவிட்டது. பழுது பார்த்து வருவதற்குள் தொடர் முடிந்து, அந்த நேரத்தில் செடி வளர்ப்பது எப்படி என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

முப்பத்தைந்து வருஷமாக அந்த விளக்கு அவர் மனசுக்குள் அணைந்தே கிடந்தது. கண் பரிசோதனைக்கு வருகிறவர்களிடம், “இந்த எழுத்து தெரியுதா? அது இருக்கட்டும், ஒற்றைப் பாறை விளக்கு பார்த்திருக்கீங்களா?” என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார். போன மாதம் அந்த இருபத்தாறு பாகமும் அவர்கள் தொடர் பார்க்கும் செயலியில் வந்துவிட்டது. பார்த்ததும் விரல் தானாக அதன் பக்கம் போனது. ஆனால் தொடவில்லை. தனியாகப் பார்த்தால் அது பார்த்த கணக்கில் சேருமா? பக்கத்தில் நாலு பேர் இருக்க வேண்டும். படகுக்காரன்தான் அணைத்தான் என்று இவர் சொல்ல வேண்டும், இல்லை என்று அவர்கள் சண்டைக்கு வர வேண்டும். அந்த ஆசை அவரைப் படுத்திய பாடு கொஞ்ச நஞ்சமல்ல.

ஆசை வெட்கமறியாது. போன புதன்கிழமை மதியம், கடையில் ஆள் இல்லாத நேரத்தில், கைப்பேசியைக் கல்லாவுக்குப் பின்னால் சாய்த்து வைத்து, ‘ஏழாம் வார்டு’ கடைசிப் பாகமான பத்தாம் பாகத்தை முழுசாகப் பார்த்துவிட்டார்.

அதுதான் ஏற்பாடு.

நான்கு மணிக்குப் போட்டி தொடங்கியது. வினா விடைச் சுற்றில் வழக்கம்போல் மச்சினன் பிய்த்து உதறினான்.

“மூணாவது பாகத்துல தலைமை நர்ஸ் எத்தனை தடவை மாடி ஏறினாங்க?”

“நாலு. ஒரு தடவை பாதியில திரும்பிட்டாங்க, அதைக் கணக்குல சேர்க்கலை.”

“இதெல்லாமா எண்ணிக்கிட்டு இருப்பே?” என்றார் லிஃப்ட் மெக்கானிக். “அந்த ஆஸ்பத்திரியில ஒரு லிஃப்ட் போட்டிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது.”

சுற்று முடிந்தபோது மச்சினன் பதினேழு. டாக்டரம்மா பதினைந்து. மெக்கானிக் பன்னிரண்டு. கடைக்காரர் ஒன்பது.

“மாமா, பேசாம டீ போடப் போயிடுங்களேன்” என்றான் மச்சினன்.

“இரு மாப்ளே. ஆடி முடிச்சப்புறம் பாடு” என்றார். உள்ளுக்குள் மனசு குதியாட்டம் போட்டது.

மனைவி ஆரூடக் கேள்விகளைப் படித்தாள். ஒன்று, ஏழாம் வார்டு ஃபைலைத் திருடியது யார்? இரண்டு, எங்கே ஒளித்து வைத்தார்? மூன்று, தலைமை நர்ஸுக்கு வேலை திரும்பக் கிடைக்குமா? நான்கு, மூன்றாம் படுக்கைப் பெரியவர் வாய் திறப்பாரா? ஐந்து, கடைசியில் திருடனுக்கு என்ன ஆகும்? ஒவ்வொன்றுக்கும் மூன்று மதிப்பெண்.

சந்தேகம் வராமல் இருக்க ஒரு கேள்விக்காவது தப்பாக எழுத வேண்டும் என்றுதான் அவர் திட்டம் போட்டிருந்தார். ஆனால் பேனாவைக் கையில் எடுத்ததும் திட்டமெல்லாம் பறந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக எல்லா விடையும் தெரிந்த மனுஷனை யார் தடுப்பது? சீட்டு போதாமல் பின்பக்கமும் எழுதினார்.

பத்தாம் பாகம் ஓடியது. அவர் ஆச்சரியப்படுவதுபோல் நடிக்க வேண்டியிருந்தது. நன்றாகவே நடித்தார். ஒரே குறை, எல்லாவற்றுக்கும் அரை நொடி முன்னாலேயே ஆச்சரியப்பட்டார். ஐஸ் பெட்டி திறக்கும் முன்பே “அடப்பாவி” என்றார். மனைவி ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

பாகம் முடிந்தது. டப்பா திறந்தது. மச்சினனுக்கு ஒன்று சரி. டாக்டரம்மாவுக்கு இரண்டு. மெக்கானிக்குக்கு ஒன்றுகூட இல்லை. கடைசியாக மனைவி அவர் சீட்டைப் பிரித்து, லேபில் முடிவைப் படிக்கும் குரலில் படித்தாள்.

“ஃபைலைத் திருடியது கேன்டீன் கணக்குப்பிள்ளை. ஒளித்த இடம் ஐஸ் பெட்டி, இரண்டாவது தட்டு. நர்ஸுக்கு வேலை கிடைக்கும், ஆனால் அவங்க வேண்டாம்னு சொல்லிடுவாங்க. பெரியவர் ஒரே ஒரு வார்த்தை பேசுவார். திருடன் படியில் தடுக்கி விழுவான், மூக்குக்கண்ணாடியின் இடது பக்க லென்ஸ் உடையும்.”

மூன்று பேரும் சீட்டை எட்டிப் பார்த்தார்கள்.

“மாமா” என்றான் மச்சினன், நாற்காலியை விட்டு எழுந்து. “இடது லென்ஸ்கூடவா?”

“தொழில் மாப்ளே, தொழில். மூணாவது பாகத்துலயே அந்த ஃப்ரேமைப் பார்த்தேன். இடது பக்கம் ஸ்க்ரூ லூசு. அது தாங்காதுன்னு அப்பவே தெரியும்.”

“ஐஸ் பெட்டி?”

“அவன் கண்ணாடியில ஆவி படிஞ்சிருந்ததே, நீ கவனிக்கலை?”

“நான் தினம் நூறு பேர் வாய்க்குள்ள எட்டிப் பார்க்கிறேன்” என்றார் டாக்டரம்மா. “எனக்கு இதெல்லாம் கண்ணுலயே படலையே.”

“உங்க மூளைக்கு நீங்க எங்கேயோ இருக்க வேண்டியவர் சார்” என்றார் மெக்கானிக். ஒன்பதும் பதினைந்தும் இருபத்து நான்கு. டாக்டரம்மா இருபத்தொன்று. மச்சினன் இருபது. கை தட்டினார்கள். கடைக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. முப்பத்தைந்து வருஷம் காத்திருந்த வார்த்தையை, “ஒற்றைப் பாறை விளக்கு” என்று சொன்னார்.

“இன்னைக்கே முதல் பாகத்தைப் போட்டுடலாம். டீ போட்டுட்டு வரேன்” என்றாள் மனைவி. “நீங்க கொஞ்சம் உள்ளே வாங்க. கப் எடுக்கணும்.”

சமையலறையில் கப்புகள் எட்டும் இடத்தில்தான் இருந்தன.

“உன் தம்பியை ஜெயிச்சிட்டேன்ல?” என்றார், சந்தோஷம் தாங்காமல்.

“ஜெயிச்சீங்க. புதன்கிழமை மத்தியானமே ஜெயிச்சிட்டீங்க.”

அவர் எடுத்த கப்பைத் திரும்ப அலமாரியிலேயே வைத்தார்.

“அன்னைக்கு எனக்கு அரை நாள் லீவு. துணி மடிக்கிறப்ப டி.வி.யைப் போட்டேன். பத்தாம் பாகத்துக்குக் கீழே, எதுவரைக்கும் பார்த்தாச்சுன்னு காட்டுற சிவப்புக் கோடு, கால்வாசி தூரம். கொஞ்சம் கழிச்சுப் போட்டா பாதி தூரம். அப்புறம் அங்கேயே ரொம்ப நேரம் நின்னுச்சு. கடைக்கு ஆள் வந்தாங்களா?”

“ரெண்டு பேர்” என்றார், தன்னை மறந்து. பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். “கடையில பார்த்தா வீட்டுல எப்படித் தெரியும்?”

“கைப்பேசிக்கும் டி.வி.க்கும் ஒரே கணக்குதானே? நீங்கதானே சேர்த்து வச்சீங்க. பாஸ்வேர்டுகூட நம்ம கல்யாண நாள்.”

எத்தனையோ பேருக்குப் பார்வை கொடுத்த மனுஷனுக்கு அந்தக் கணம் கண்ணைக் கட்டியது. “தம்பிகிட்ட சொல்லப்போறியா?”

“எதுக்கு? முப்பத்தஞ்சு வருஷமா அந்த விளக்கையே சொல்லிக்கிட்டு இருக்கீங்க. கல்யாணம் ஆன வாரமே எனக்கு இருபத்தைஞ்சு பாகத்தையும் நடிச்சுக் காட்டினவர்தானே. போங்க, ஆசை தீரப் பாருங்க. நானும் உக்கார்றேன். இருபத்தாறு வாரமும் ஒரு வாரம் விடாம.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனைவிக்கு இவர் என்ன தவம் செய்தார்? இனி ஜென்மத்துக்கும் முன்கூட்டிப் பார்ப்பதில்லை என்று டீத்தட்டின் மேல் ஆணையாகச் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டு தட்டை எடுத்தாள்.

ஹாலில் கடைக்காரர் எழுந்து நின்று கதைச் சுருக்கம் சொன்னார். விளக்குக்காரர் எப்பேர்ப்பட்ட உத்தமர் என்று சொன்னார். கப்பல் மோதும் இடத்தைக் கையால் நடித்துக் காட்டினார். படகுக்காரன்தான் அணைத்தான், சின்ன வயதிலிருந்தே தன் கட்சி அதுதான் என்றார். மச்சினன் உடனே, “இல்லை மாமா, சமையல்காரனாத்தான் இருக்கும்” என்றான். மெக்கானிக் வயரிங் கோளாறு என்றார். டாக்டரம்மா கப்பல் முதலாளி என்றார். சண்டை சூடு பிடித்தது. கடைக்காரருக்கு ஆனந்தம் பொங்கியது. இதற்குத்தானே இத்தனை வருஷம்.

ரிமோட்டை மனைவியே வாங்கி முதல் பாகத்தைப் போட்டாள். அலைச்சத்தம் கேட்டது. பாறை தெரிந்தது. விளக்கு ஒரு தடவை சுற்றி, ஹால் முழுக்க வெளிச்சம் அடித்துவிட்டுப் போனது. அவர் பிஸ்கட்டைக் கையில் பிடித்தபடி உறைந்து உட்கார்ந்திருந்தார்.

மனைவி அவர் காதோரம் சாய்ந்தாள்.

“நானும் அன்னைக்கு சும்மா இருக்கலைங்க. இதுல இருபத்தாறாம் பாகத்தை மட்டும் பார்த்துட்டேன். விளக்கை அணைச்சது உங்க விளக்குக்காரரேதான்.”