சிஸ்டத்துக்கு ஒரு கங்காணி

மெஷினுக்குக் காவல் நிற்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. மெஷின் அவர்களைக் கூப்பிடவில்லை. அதை இயக்கவும் தெரியாது. ஆனால் அதன் சார்பில் கோபப்பட அவர்களை விட்டால் ஆளில்லை. பார்த்ததில்லையா? எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் ஆண்கள் வாட்டுக்கு வாருங்கள்.

அங்கே இப்போது மருந்து, ஊசி, சாப்பாடு எல்லாவற்றையும் டொக்டர் கொம்பியூட்டரில்தான் எழுதுகிறார். நர்ஸ் மிஸ் அதைச் சில்லு வைத்த மேசையில் தள்ளிக்கொண்டு வந்து, பெயர் கூப்பிட்டு, திரையில் உள்ளபடி கொடுப்பார். அதற்குள் இருமலுக்குப் படுத்திருக்கும் பழைய கங்காணி, தேயிலைத் தோட்டத்தில் ஆள் மேய்த்த பொன்னையா, வாட்டையே பேர் கூப்பிடும் பெரட்டுக் களமாக்கிவிடுவார்.

"எல்லாரும் கட்டிலுக்குப் பக்கத்துல நில்லுங்க! பேரு கூப்பிட்டா சத்தமா சொல்லணும்!"

காலையில் வேலைக்குப் பேர் கொடுத்தே பழகிய தோட்டத்துச் சனம், சேலைன் போத்தலும் கையுமாக வரிசையில் நிற்கும். கால் முறிந்த நான் மட்டும் படுத்தபடி ஆஜர்.

அன்று பக்கத்துக் கட்டில் சின்னராசா மாமாவுக்குக் குடலிறக்க ஒப்பரேசன். பட்டினி போட்டிருந்தார்கள். ஒப்பரேசன் நாளைக்குத் தள்ளிப்போனது. பட்டினி மட்டும் திரையைவிட்டு நகரவில்லை. மத்தியானம் தாண்டியதும் மாமா எழுந்து உட்கார்ந்தார்.

"பசிக்குது கங்காணி. மிஸ்ஸுக்கிட்ட ஒரு வார்த்த சொல்றேனே."

"சிஸ்டத்துல பட்டினின்னு இருக்கு. அதையே எதுத்துப் பேசுவியா?"

"வயிறு என்னோடதுங்க!"

"அது ஒனக்குத் தெரியும். சிஸ்டத்துக்குத் தெரியணும்ல?"

சொல்லிவிட்டு, தன் மகள் கொண்டுவந்த ரொட்டியையும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலையும் பிரித்தார். மாமா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. என் கட்டிலருகே மிஸ் நிறுத்திவிட்டுப் போன திரையைப் படுத்தபடியே எட்டிப் பார்த்தேன்.

"ஐயோ கங்காணி, ஒங்க பேருக்கும் பட்டினி போட்ருக்குங்களே!"

வாய்க்குப் போன ரொட்டி பாதி வழியில் நின்றது. எழுந்து பார்த்தாரா? சிஸ்டத்தைச் சந்தேகிப்பதா! ரொட்டியைச் சுற்றிவைத்தார். சம்பல் வாசம் சுற்றிவைத்த பிறகும் வந்தது. கொஞ்ச நேரம்தான் தாங்கினார்.

"மிஸ்! என்னங்க சிஸ்டம் இது? மனுசன் பசிச்சுக் கெடக்கான், மொகத்தப் பாக்க மாட்டீங்களா?"

மிஸ் ஓடிவந்தார். "ஒங்களுக்குப் பட்டினியே இல்லையே ஐயா. சின்னராசாவுக்குத்தான்... அட, அவருக்கு நாளைக்குத்தானே ஒப்பரேசன்!"

டொக்டருக்குப் போன் போனது, பட்டினி அழிந்தது. பொன்னையா என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு மாமாவின் கட்டிலில் உட்கார்ந்து, ரொட்டியில் பெரிய பாதியைப் பிய்த்து நீட்டினார்.

"சாப்புடு. சிஸ்டத்துல வந்திருச்சு."

சிரிக்கிறீர்களா? பக்கத்தில் இருப்பவர் "குளிருது" என்றால், நீங்கள் அவர் கையைத் தொட்டுப் பார்ப்பவரா, இல்லை, நுவரெலியாவில் இன்றைக்கு எத்தனை டிகிரி என்று போனில் பார்ப்பவரா? அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம். முதலில் அந்தப் போனைக் கீழே வையுங்கள்.