பிரதமர் நீடிப்பதற்கு நான் காரணமல்ல

அன்புத் தங்கை லினெட்டுக்கு,

அண்ணன் டெரிக் எழுதுவது. நியூசிலாந்தில் நீயும் மாப்பிள்ளையும் ஆடுகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அண்ணி மோரீனும் உடம்புக்கு நலம். ஊருக்குத்தான் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. உங்கள் ஊர்ச் செய்தியிலும் என் படம் வந்ததாக எழுதியிருந்தாய். சமையல் ஏப்ரன் கட்டிக்கொண்டு பிரதமரின் பக்கத்தில் நின்றது நான்தான். அதற்குக் கீழே அவர்கள் எழுதியிருந்தது ஒன்றும் உண்மையில்லை. நடந்ததை எழுதுகிறேன், நீயே தீர்ப்புச் சொல்.

உன் அண்ணி நாற்பத்தொரு வருடமாக ஆளுங்கட்சிக்காரி. போன வசந்தத்தில் எங்கள் ஊர்க் கிளைக்குத் தலைவியும் ஆனாள். போட்டிக்கு ஆள் வரவில்லை. வருவார்களா? பிரதமர் பென்ரோஸ் பெயரைச் சொன்னாலே கசாப்புக் கடையில் கத்தி ஓங்கி விழுகிறது. ரேடியோவைத் திருப்பினால் இன்றைக்குப் போவார், வெள்ளிக்கிழமை போவார், அடுத்தது உள்துறை மந்திரி என்று ஒரே ஆரூடம். அந்த மந்திரியைக் கேட்டால், "எனக்கு அப்படியொரு எண்ணமே இல்லை" என்கிறார். எண்ணம் இருக்கிறது என்பதைக் கட்சியில் அப்படித்தான் சொல்வார்களாம், மோரீன் விளக்கினாள்.

இந்த நிலைமையில் லண்டன் கட்சி அலுவலகத்திலிருந்து அவளுக்குப் போன். பிரதமர் ஊர் ஊராகப் போய் மக்கள் குறை கேட்கப் போகிறார், செவ்வாய்க்கிழமை உங்கள் ஊர் மண்டபம், சிரித்த முகத்தோடு ஐம்பது பேர் வேண்டும் என்றார்கள். மூன்று நாள் மழையில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். பக்கத்து வீட்டு மிஸஸ் கிரிம்ஷா வாசலிலேயே, "மோரீன் கண்ணு, உனக்காக உசுரையே குடுப்பேன், அந்தாளுக்குக் கை தட்ட மட்டும் சொல்லாதே" என்று கதவைச் சாத்திவிட்டாள். கடைசியில் பன்னிரண்டு பேர் தேறினார்கள். ஏழு பேர் தின்னப் பன்றிக்கறிப் பை என்கிற பலகாரம் உண்டா என்று கேட்டுக்கொண்டு ஒத்துக்கொண்டவர்கள், ஒருவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. "அவரை முன் வரிசையில உக்கார வெச்சிடலாம்" என்று சந்தோஷப்பட்டாள்.

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். அரசாங்கப் பல் டாக்டரிடம் பதினாலு மாதம் காத்திருந்து கடைசியில் இடுக்கியால் நானே என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டதும், அதற்குப் பிறகு பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கெல்லாம் அந்த ஓட்டையைக் காட்டி அரசாங்கத்தைத் திட்டி வருவதும் அவளுக்குத் தெரியும். "டெரிக், நீ மண்டபத்துச் சமையலறையில டீ போடு. வெளியில வராதே. யாரு என்ன கேட்டாலும், பால் வேணுமா சர்க்கரை வேணுமான்னு மட்டும் கேளு. எனக்காக" என்றாள். சத்தியம் செய்தேன்.

செவ்வாய்க்கிழமை மண்டபத்து முன்வாசலில் பதாகை பிடித்த எதிர்ப்புக் கூட்டம். அதனால் பாதுகாவலர்கள் பிரதமரைப் பின்வாசல் வழியாகக் கூட்டி வந்தார்கள். பின்வாசல் என்றால் சமையலறை. கூட்டத்தை விலக்குகிற வரை அவரை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டார்கள். நனைந்த கோட்டோடு நின்ற மனிதர், டீ கிடைக்குமா என்றார். பால் வேண்டுமா சர்க்கரை வேண்டுமா என்றேன். இரண்டும் என்றார். அதோடு விட்டிருக்கலாம். சும்மா நிற்கத் தெரியாமல் ஒரு துணியை எடுத்து, கழுவி வைத்திருந்த கோப்பைகளைத் துடைக்க ஆரம்பித்தார். துடைப்பதாவது, பிடியெல்லாம் ஈரம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

"ஊருக்கு என்மேல என்னங்க கோபம்? உண்மையைச் சொல்லுங்க" என்றார். இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடட்டுமா என்றேன். "எல்லாரும் இப்படித்தாங்க. என் மந்திரிங்க காலையில வந்து உங்களை விட்டா நாட்டுக்கு யாருங்கிறாங்க. மத்தியானம் பத்திரிகைக்காரங்களுக்குப் போன் போடறாங்க" என்றார். துடைத்த கோப்பையையே எடுத்து மறுபடி துடைத்தார். எனக்கு மனசு கேட்கவில்லை, லினெட். நாட்டை ஆள்கிற மனிதனுக்கு ஒரு நிஜமான பதில் சொல்ல ஆளில்லையே என்று தோன்றியது. வாயைத் திறந்தேன்.

இருபத்திரண்டு நிமிடம். முதலில் பல் ஓட்டையைக் காட்டினேன். பிறகு சாலைக் குழிகள், இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாகிப்போன மான்செஸ்டர் பஸ், வீட்டில் ஹீட்டர் போடப் பயந்து நூலகத்தில் போய் உட்காரும் மிஸஸ் கிரிம்ஷா, வாரத்தில் மூன்று நாள்தான் திறக்கும் அந்த நூலகம், மற்ற நாளில் குளிருக்காகவே அவள் பஸ்ஸில் ஏறிச் சுற்றுவது, எல்லாம் சொன்னேன். "நீங்க வந்தும் ஒண்ணும் ஆகல, பேச்சுதான் நீண்டுச்சு. வீட்டுக்குப் போயிடுங்க ஐயா. உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது" என்று முடித்தேன். அவர் துணியைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "ரெண்டு வருஷத்துல என் முகத்தைப் பாத்துப் பேசின முதல் ஆள் நீங்கதான்" என்றார். சரி, நாட்டுக்கு ஒரு நல்லது செய்துவிட்டோம் என்று நினைத்தேன்.

மனிதர் என் கையை விடாமல் மேடைக்கு இழுத்துப் போனார். பன்னிரண்டு பேருக்கும் முப்பது கேமராவுக்கும் முன்னால், "பதவி விலகத்தான் வந்தேன். உள்ளே இந்த நேர்மையான மனிதரைச் சந்தித்தேன். இவரைப் போன்றவர்களுக்காக நான் இருந்தே ஆக வேண்டும். போகமாட்டேன்" என்றார். காது கேட்காதவர் மட்டும் கை தட்டினார். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும், பிரதமருக்குத் தெம்பூட்டிய டீக்காரர்.

அன்றிலிருந்து மிஸஸ் கிரிம்ஷா என்னைக் கண்டால் எதிர்ப்புறம் கடந்துவிடுகிறாள். முடிவெட்டுகிற நோபி பாதித் தலை வெட்டியதும் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, "மிச்சத்தை உன் சிநேகிதனை வெட்டச் சொல்லுய்யா" என்று அனுப்பிவிட்டான். தொப்பியோடு திரிகிறேன். அவரைப் போகச் சொன்னவனே நான்தான் என்று ஊருக்குச் சொல்லிவிடலாம். ஆனால் கட்சி மோரீனுக்குப் பாராட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறது; அவள் அதைச் சட்டம் போட்டு மாட்டி, போகும்போதும் வரும்போதும் துடைக்கிறாள். நாற்பத்தொரு வருடத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் மரியாதை. அதனால் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன், அண்ணிக்குத் தெரிய வேண்டாம்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. நீங்கள் எல்லோரும் பல் வலியில்லாமல் நீடூழி வாழ்க.

உன் அண்ணன்,
டெரிக்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ரேடியோவில் சொல்லிவிட்டார்கள், பென்ரோஸ் பதவியை விட்டுப் போய்விட்டார். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு. ஒரு மணி நேரத்தில் மிஸஸ் கிரிம்ஷா வந்து, "பாவம், கெட்ட மனுஷன் இல்ல" என்று மூக்கைச் சிந்தினாள். பால் வேண்டுமா சர்க்கரை வேண்டுமா என்றேன். அடுத்தது யார் என்றே இன்னும் தெரியாது. அதற்குள் வருகிறவர் எத்தனை நாள் தாங்குவார் என்று நோபி கடையில் பந்தயப் பட்டியல் தொங்குகிறது. எட்டிப் பார்த்தேன். முதல் பெயர் உன் அண்ணியுடையது. கிறிஸ்துமஸ் வரைகூடத் தாங்கமாட்டார் என்று எழுதியிருக்கிறாள்.