குறை சொல்லிச் சீட்டு கேட்டவர்

கல்லூரிகள் மாணவர்களைச் சலித்தெடுப்பதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். கல்லூரியையே சலித்தெடுத்த ஒரே பிறவி, எனக்குத் தெரிந்து, ஸ்டிக்கர்காரர்தான். திருப்பூரிலிருந்து தாராபுரம் போகிற சாலையில் ஒரு நர்சிங் கல்லூரியின் அட்மிஷன் மேஜையில் காலம் தள்ளுகிறவன் நான். அவர் வந்துபோன அந்த ஒரு சீசனில் எனக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது.

பனியன் கம்பெனியில் அவருக்குச் செக்கிங் வேலை. தைத்து வருகிற துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிடுவார். அதைக் கம்பெனியோடு நிறுத்தியிருந்தால் நான் ஏன் இதை எழுதப்போகிறேன்? சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்டிக்கர் சுருளோடுதான் மனிதர் ஊரைச் சுற்றுவார்.

மகளை பி.எஸ்சி. நர்சிங்கில் சேர்க்க வேண்டும் என்று வந்தார். விவரம் சொன்னேன். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்துத் தேறியிருக்க வேண்டும். ஆங்கிலத்திலும் பாஸாகியிருக்க வேண்டும். வருடக் கடைசிக்குள் பதினேழு வயது நிறைய வேண்டும். டி.சி., சாதிச் சான்றிதழ், உடல்தகுதிச் சான்றிதழ் எல்லாம் கொண்டுவர வேண்டும். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"செரிங்க சார். இது உங்க பக்கத்துக் கண்டிஷனுங்க. எங்க பக்கத்துக் கண்டிஷன எப்பங்க பாக்கலாம்?"

அவர் பக்கத்துக் கண்டிஷனுக்காக லேப், ஹாஸ்டல், சமையலறை என்று கல்லூரி முழுக்க என்னை இழுத்தடித்தார். அவர் போன பிறகு பார்த்தால் ஒழுகுகிற குழாயில் ஒரு ஸ்டிக்கர், லேப் எலும்புக்கூட்டின் உடைந்த விரலில் ஒரு ஸ்டிக்கர், என் நாற்காலியின் ஆடுகிற காலில் ஒரு ஸ்டிக்கர். அடுத்த முறை வந்தபோது சாம்பிள் கேட்டார். மொத்தச் சரக்கும் தைப்பதற்கு முன்னால் சாம்பிள் பார்ப்பது அவர் தொழில் வழக்கமாம். இங்கே படித்து முடிக்கப்போகிற பெண் ஒருத்தியைக் காட்டுங்கள் என்று பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டார். கடைசி வருட மாணவி ஒருத்தி வந்து அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்தாள். உண்மையில் எனக்குத்தான் பார்த்திருக்க வேண்டும்.

ஒருநாள் மகள் மட்டும் தனியாக வந்தாள். போன வருடமும் அப்பா இப்படித்தான் எல்லாக் கல்லூரியையும் வேண்டாம் என்று தள்ளிவிட்டாராம். அதனால் ஒரு வருடமாக அவளும் அதே கம்பெனியில், தைத்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருக்கிறாள். "கடைசித் தேதிக்குள்ள அவர எப்படியாச்சும் செரின்னு சொல்ல வைங்க சார். உட்டா நான் கம்பெனியிலயே கெடக்கோணுமுங்க" என்றாள்.

கெஞ்சிக் கூத்தாடி, குழாயைச் சரிசெய்து, எலும்புக்கூட்டுக்கு விரல் ஒட்டி, கடைசி நாளன்று அவரிடம் சம்மதம் வாங்கினேன். சான்றிதழ்கள் அத்தனையும் சரியாக இருந்தன. பிரின்சிபல் மேடம் பேனாவைத் திறந்துகொண்டே வழக்கமான கேள்வியைக் கேட்டார். உடம்புக்கு ஒன்றும் பிரச்சினை இல்லையே?

ஸ்டிக்கர்காரர் எழுந்து நின்றார்.

"இருக்குதுங்க மேடம். ரத்தத்தக் கண்டா புள்ளை மயங்கி உழுந்துருமுங்க. ஆறாவது படிக்கறப்ப உழுந்துச்சு. வெடுக்குனு கோவம் வேற வரும். குறையத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு பாஸ் பண்ணி அனுப்பறது தப்புங்க."

செக்கிங் ஆட்களுக்கு அது தர்மமாக இருக்கலாம். பெற்ற மகளிடமுமா அதைக் காட்டுவார்கள்? மேடம் பேனாவை மூடிவிட்டார். ரத்தத்தைப் பார்க்காமல் நர்சிங் படிக்க முடியாதே என்று அவர் இழுத்தபோது மகள் எழுந்தாள். அப்பா பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"போன மாசம் கட்டிங் மிசின் பிளேடு மொண்ணையா இருக்குதுன்னு காட்டப் போயி அப்பா கைய வெட்டிக்கிட்டாருங்க மேடம். துணியச் சுத்தி அழுத்திப் புடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது நானுங்க. தையல் போட்டு முடிக்கற வரைக்கும் பக்கத்துலயே நின்னேன்."

நெசமா என்று மேடம் கேட்டார்.

"கூட்டிட்டுப் போனது நெசந்தானுங்க" என்றார் அவர். "ஆனா அன்னைக்கு நாந்தானுங்க மயங்கி உழுந்துட்டேன். புள்ளை நின்னுச்சா உழுந்துச்சான்னு எனக்கு எப்படிங்க தெரியும்? கண்ணுல பாக்காதத நான் எப்படிங்க பாஸ் பண்றது?"

மேடத்துக்குச் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது. சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

மகள் ஹாஸ்டல் அறையைப் பார்க்கப் போனதும், இன்றைக்கு இவரை ஒரு வாங்கு வாங்கிவிடுவது என்று எழுந்தேன். அவர் என் மேஜையோரம் வந்து, யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டு, தணிந்த குரலில் பேசினார்.

"சார், எங்க தொழில்ல ரிஜெக்ட் ஆன பீஸ வந்த வெலைக்கு வெளிய தள்ளிருவாங்க. என்ற புள்ளைய அப்படித் தள்ளிராதீங்க. அதுக்கு முடியலீன்னா எனக்கு ஒரு போன் போடுங்க. நானே வந்து ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிக்கறேன்."



"அந்தப் போன் வராதுங்கண்ணா. நீங்க தைரியமா போங்க" என்றேன். அன்றைக்குத்தான் அவரை முதல்முறையாக அண்ணா என்று கூப்பிட்டேன்.