துளை போடாத கேப்டன்

படகு வைத்திருப்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வெயில் அடித்தால் ஓட்டுகிறார்கள், மழை வந்தால் மூடி வைக்கிறார்கள், நம்மைப் போன்ற சாதாரண மனிதர்கள். நான் சொல்ல வந்தது வேறு இனம். பழைய வேகப் படகு ஒன்றை வாங்கி, அதை கார் ஷெட்டில் ஏற்றி, காரைத் தெருவில் விட்டு, "இன்னும் ஒரே ஒரு வேலைதான் பாக்கி" என்று சொல்லிச் சொல்லியே தலை நரைக்கும் இனம். கரைக் கேப்டன் என்று இவர்களுக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். காலில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் மணிக்கு அறுபது மைல் வேகத்தில் போகத் தெரிந்தவர்கள் உலகத்தில் இவர்கள் மட்டும்தான்.

அடையாளம் தெரிய வேண்டுமா? ஒரு கரைக் கேப்டன் வீட்டுக்கு விருந்தாளியாகப் போய்ப் பாருங்கள். நாற்காலியைக் காட்ட மாட்டார். "வாங்க வாங்க, முதல்ல ஒண்ணு காட்டுறேன்" என்று கையைப் பிடித்து ஷெட்டுக்கு இழுத்துப் போவார். காய்ச்சல் குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல் படகின் வயிற்றைப் புறங்கையால் தொட்டுக் காட்டுவார். உங்களையும் தொடச் சொல்வார். பிறகு கீழே குனியச் சொல்வார், குனிந்த வாக்கில் நிமிரவிடாமல் முக்கால் மணி நேரம் பேசுவார். நீங்கள் மரியாதைக்கு "எஞ்சின் எங்கே?" என்று கேட்டுவிட்டால், அன்றைய சாப்பாடு உங்களுக்கு அங்கேதான்.

நம்முடைய கேப்டன் தொழிலால் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அவர் படகை வாங்கியபோது மகளுக்கு ஏழு வயது. "அடுத்த லீவுல ஏரியில பறக்குறோம் பாப்பா!" என்றார். இருபத்துநாலு அடி நீளம், கத்தி மாதிரி மூக்கு, ஒரு காலத்தில் பந்தயங்களில் ஓடியது. இப்போது உள்ளே பலகையெல்லாம் கையால் அள்ளி எடுக்கும் பதத்துக்கு ஊறிப்போயிருந்தது.

சோம்பேறி என்று மட்டும் அவரைச் சொல்லிவிடாதீர்கள், பாவம் வந்து சேரும். மனிதர் மாடாக உழைத்தார். தளத்தைப் பெயர்த்தார். ஃபைபர் தூளில் உருண்டு, உடம்பெல்லாம் அரித்து, கரடி மரத்தில் தேய்த்துக்கொள்வதுபோல் கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டார். அவருடைய துணிகளைத் துவைக்கத் தனி வாளி வந்தது. எஞ்சினைத் தாங்கும் பின்பலகையைப் புதிதாகவே செய்தார். ஏழு கோட்டிங் சிவப்புப் பெயிண்ட் அடித்தார். மகள் அதன் முன் நின்றுதான் தலை வாரிக்கொள்வாள், அவ்வளவு பளபளப்பு. எல்லாம் ஏழு வருடத்தில் முடிந்துவிட்டது. பாக்கி இருந்தது ஒரே ஒரு வேலை. எஞ்சின்.

ஒரு பெரிய எஞ்சினா? இரண்டு நடுத்தர எஞ்சினா?

இதில் என்ன பெரிய கேள்வி என்கிறீர்களா? அடுத்த நாலு வருடம் அந்தக் கேள்விக்கே சரியாகப் போயிற்று. ஒன்று என்றால் அதை மாட்டப் பின்பலகையின் நடுவில் துளை போட வேண்டும். இரண்டு என்றால் இரு பக்கமும் போட வேண்டும். சட்டையில் தப்பாகப் போட்ட பொத்தானைப் பிரித்துத் தைக்கலாம், படகில் தப்பாகப் போட்ட துளையைப் பிரித்துத் தைக்க முடியுமா? கேப்டன் நடுவில் நீலப் பென்சிலால் குறித்தார். இரு பக்கமும் சிவப்புப் பென்சிலால் குறித்தார். நீலத்தை அழித்தார். சிவப்பை அழித்தார். டிரில்லை மட்டும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தவறாமல் துடைத்து எண்ணெய் போட்டு வைத்தார்.

யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? எதிர்வீட்டுப் பல் டாக்டர் இரட்டைக் கட்சி. "நடுத் தண்ணியில ஒண்ணு நின்னு போச்சுன்னா என்ன பண்ணுவீங்க? இன்னொண்ணுதான் வீடு கொண்டுவந்து சேர்க்கும்." மெக்கானிக் ஒற்றைக் கட்சி. "ரெண்டு எஞ்சின் வச்சவன் பொழப்பு ரெண்டு பொண்டாட்டிக்காரன் பொழப்பு சார். இது உறுமினா அது இருமும்." டாக்டர் பேசும்போது கேப்டனுக்கு இரண்டு சரியாகப்படும். மெக்கானிக் பேசும்போது ஒன்று சரியாகப்படும். இருவரும் பேசாதபோது மதில்மேல் பூனைதான்.

வேடிக்கை என்னவென்றால், கடையில் மனிதர் நாள் முழுக்கக் கேட்பதும் இதே கேள்விதான். வந்தவர் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, கண்ணாடி வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "முதல்ல காட்டினது தெளிவா, இப்ப காட்டுறது தெளிவா?" என்பார். "ரெண்டும் ஒரே மாதிரி இருக்குங்க" என்று எவராவது சொல்லிவிட்டால் வந்ததே கோபம். "அதெப்படிங்க ஒரே மாதிரி இருக்கும்? மனசை ஒருநிலைப்படுத்தி ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க!"

பிறகு எடைப் பிரச்சினை முளைத்தது. இரண்டு எஞ்சின் பாரத்தைப் பழைய படகின் பின்பக்கம் தாங்குமா? அதிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் கேப்டன் கண்ணுக்கு எஞ்சினாகவே தெரிந்தார்கள். மனைவியின் அண்ணன் குடும்பத்தோடு வந்தபோது, காபியைக்கூடக் குடிக்கவிடவில்லை.

"மச்சான், நீங்க எவ்வளவு எடை?"

"ஏன் மாப்ளே, இளைச்சுட்டேனா?"

"ஐயையோ, இளைச்சுடாதீங்க! அக்காவும் நீங்களும் சேர்ந்தா கச்சிதமா ஒரு எஞ்சின். அப்படியே ஷெட்டுக்கு வாங்க."

அண்ணனும் அண்ணியும் படகின் பின்கோடியில் ஏறி நின்றார்கள். ஓர் எஞ்சின் ஆயிற்று. படகு அசையவில்லை. கேப்டன் முகம் மலர்ந்தது. இரண்டாவது எஞ்சினுக்குப் பல் டாக்டரையும் மெக்கானிக்கையும் ஏற்றினார். படகு நின்றதோ இரண்டு சக்கர டிரெய்லரில். பின்பக்கம் தரையைத் தொட, மூக்கு ஜிவ்வென்று எழும்பி, டியூப்லைட்டைச் சுக்குநூறாக்கிக் கூரையில் முட்டி நின்றது. இரண்டு எஞ்சின்களும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து கிடந்தன. "பார்த்தீங்களா, பின்பாரம் ஜாஸ்தி!" என்று கேப்டன் குதூகலித்தார். "ஒண்ணுதான், முடிவு பண்ணியாச்சு!"

அடியில் கிடந்த மெக்கானிக், சும்மா இருந்திருக்கலாம். "இது டிரெய்லர் கணக்கு சார். தண்ணியில கணக்கு வேற" என்றார்.

பழையபடி பென்சில்.

இப்படியிருக்கையில் மகளுக்குப் பதினெட்டு முடிந்து, வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்தது. திங்கட்கிழமை விமானம். அதற்கு முந்தின வியாழக்கிழமை, தாயும் மகளும் கடைக்கு வந்தார்கள். மகள் அப்பாவைப் பிடித்து, வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார வைத்து, சோதனைச் சட்டத்தை அவர் மூக்கிலேயே மாட்டினாள்.

"அப்பா, இது ஒரு எஞ்சின்." ஒரு வில்லையைப் போட்டாள். "இது ரெண்டு எஞ்சின்." மாற்றினாள். "எது தெளிவா இருக்கு?"

"இன்னொரு தடவை காட்டு."

காட்டினாள்.

கேப்டனுக்கு வியர்த்தது. "ரெண்டும் ஒரே மாதிரிதான் பாப்பா இருக்கு."

மகள் சிரிக்கவில்லை. "எனக்கு ஏழு வயசுல சொன்னீங்கப்பா. நான் ஒரு தடவைகூட அதுல போனதில்லை. திங்கக்கிழமை நான் கிளம்புறேன்."

கேப்டன் சட்டத்தைக் கழற்றினார். படகைச் செய்து செய்து, படகு யாருக்கென்பதை மறந்துவிட்டது அவருக்கே அப்போதுதான் உறைத்தது.

"துளையே போடாம ஒரு எஞ்சின் மாட்ட முடியுமாங்க?" என்று கேட்டார் மனைவி. அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். நாற்பது பிள்ளைகளை நேரத்துக்குக் கொண்டு சேர்ப்பவருக்கு வளவளப்பு ஆகாது.

முடியும். மீன் பிடிக்கிறவர்கள் பலகையில் திருகிப் பிடித்துக்கொள்ளும் சின்ன எஞ்சின், எட்டுக் குதிரைசக்தி. மெக்கானிக்கிடமே இரவலுக்கு ஒன்று இருந்தது. ஞாயிறு காலை, மனைவி டிரெய்லரை ஒரே மூச்சில் பின்னால் ஓட்டி ஏரிச் சரிவில் இறக்கினார். படகு மிதந்தது. சொல்லுங்கள், பதினோரு வருடம் நீச்சல் மறந்த படகு மிதந்தது! பல் டாக்டர் கரையில் நின்று கைதட்டினார்.

மணிக்கு அறுபது மைல் ஓடப் பிறந்த அந்தச் சிவப்பு அம்பு, தட்தட்டென்று ஐந்து மைல் வேகத்தில் புறப்பட்டது. ஒரு வாத்துக் குடும்பம் இடது பக்கமாக முந்திப் போயிற்று. எஞ்சினோடு இருந்த கைப்பிடியைப் பிடித்துப் பின்னால் மகள்தான் திருப்பினாள். நடுவில் மனைவி. முன்னால் பளபளக்கும் ஸ்டியரிங்கில் கேப்டன். அந்த ஸ்டியரிங் எதோடும் சேர்ந்திருக்கவில்லை. அதனாலென்ன? மகள் இடப்பக்கம் திருப்பும்போது அவரும் இடப்பக்கம் ஒடித்தார், வலப்பக்கம் திருப்பும்போது வலப்பக்கம் ஒடித்தார், காற்று அடிக்காவிட்டாலும் தலைமுடியைக் கோதிக்கொண்டார்.

"பறக்குறோமாப்பா?" என்று கத்தினாள் மகள்.

"பறக்குறோம் பாப்பா!"

மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கேப்டன் அழவும் செய்தார், அதைத் தண்ணீர் தெறித்தது என்றார். ஏரியை ஒரு முழுச் சுற்று சுற்றினார்கள். திரும்பும்போது கேப்டன் எழுந்து பின்னால் வந்தார். குனிந்து எஞ்சினைத் தடவிக் கொடுத்தார். பிறகு அதன் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏன் பாப்பா," என்றார், "இதே மாதிரி இன்னொண்ணு இங்கே மாட்டினா..."

மனைவி வாத்துகளைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

சிரிக்கிறீர்கள், இல்லையா? சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். ஒன்றா இரண்டா என்று நடுவில் கேட்டபோது, "இதிலென்ன குழப்பம், இரண்டுதான் நல்லது" என்றோ, "ஒன்று போதுமே, எதற்கு வீண் பாரம்" என்றோ உங்களுக்குள் ஒரு குரல் சொன்னதா? பத்து நிமிடத்துக்கு முன்வரை படகைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாத உங்களுக்குள்ளே? சொன்னதல்லவா? பயப்படாதீர்கள். எல்லோருக்கும் முதலில் அந்தக் குரல்தான் கேட்கும். மற்றதெல்லாம் போகப் போக வரும்.