முக்காலிக்கு நன்றாகக் கேட்கிறது

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. நீங்களும் எங்கள் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நாங்கள் நலம். 'நாங்கள்' என்பது கைப்பழக்கத்தில் வந்துவிட்டது. அதை அடித்துவிட்டுப் படிக்கவும். நான் முன்னறையில் நலம். உங்கள் அத்தை பின்னறையில் நலம். நீங்கள் அன்போடு அனுப்பிவைத்த ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு பெரிய பெட்டியும் மிக மிக நலம்.

"வீட்டுலயே தியேட்டர் மாதிரி கேட்கலாம் மாமா" என்று நீங்கள் போனில் சொன்னபோதே எனக்கு ஒரு சந்தேகம். தியேட்டரில் பின்னால் உட்கார்ந்திருப்பவர் நம் நாற்காலியை உதைத்துக்கொண்டே இருப்பாரே, அவரும் இந்தப் பெட்டியோடு வருவாரா என்று கேட்க நினைத்தேன். மாப்பிள்ளையிடம் கேட்கக்கூடாது என்று விட்டுவிட்டேன். கேட்டிருக்கலாம்.

எந்த முறையில் வைப்பது என்று நீங்கள் முடிவை என்னிடமே விட்டது உங்கள் பெருந்தன்மை. ஐந்தாக வைக்கலாம், இன்னும் இரண்டு வாங்கி ஏழாக வைக்கலாம், கூரையிலும் இரண்டைத் தொங்கவிட்டு ஒன்பதாக்கலாம் என்று மூன்று படங்கள் அச்சடித்த தாளையும் அனுப்பியிருந்தீர்கள். அந்தப் படங்களை நான் பலமுறை பார்த்தேன். அந்த அறைக்குக் கதவு கிடையாது. ஜன்னல் கிடையாது. பீரோ, தையல் மெஷின், செருப்பு ஸ்டாண்டு எதுவும் கிடையாது. நட்டநடுவே ஒரே ஒரு தலை. அந்தத் தலைக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஐந்து போதும் என்று முடிவு செய்து, உங்கள் அத்தைக்கு ஒரு உதாரணத்தோடு விளக்கினேன். "இதை ஒரு வகுப்புன்னு வச்சுக்க. முன்னால நடுவுல இருக்கிறது லீடர், பேச்செல்லாம் அவன் மூலமாத்தான் வரும். அவனுக்கு ரெண்டு பக்கமும் நல்லாப் படிக்கிற பிள்ளைங்க. பின்னால ரெண்டும் கடைசி பெஞ்சு, ரொம்ப நேரம் சும்மா இருக்கும், நாம அசந்த நேரத்துல சத்தம் போடும். இந்தப் பெரிய பெட்டி ஹெட்மாஸ்டர். எங்கே இருக்காருன்னு தெரியாது, ஆனா உறுமினா ஜன்னல் அதிரும்." எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், "அப்போ வாத்தியார் எங்கே நிப்பார்?" என்றாள். இதெல்லாம் ஒரு கேள்வியா என்று நான் பரணில் ஏறினேன்.

பள்ளிக்கூடத்தில் பிரிவுபசாரத்தின்போது எனக்குக் கொடுத்த பெரிய மரக் கோணமானி பரணில் கிடந்தது. அதை இறக்கித் துடைத்தேன். கணக்கு வாத்தியாருக்கு ஓய்வு உண்டு, கோணத்துக்கு உண்டா? கயிற்றின் ஒரு நுனியில் சாக்பீஸைக் கட்டி, ஹாலில் ஒரு வட்டம் போட்டேன். டிவிக்கு முதுகைக் காட்டி நிமிர்ந்து நின்றுகொண்டு, என் இடது கைப்பக்கம் 'இ' என்றும் வலது கைப்பக்கம் 'வ' என்றும் தரையில் எழுதினேன். முன் வரிசை முப்பது டிகிரி, பின் வரிசை நூற்றுப்பத்து டிகிரி, தாளில் உள்ளது உள்ளபடி. அடுக்களை வாசலில் வந்து நின்ற உங்கள் அத்தை, "நடு ஹால்ல வட்டம் போட்டு உள்ள நிக்கிறீங்களே, சாப்பிட வெளியே வருவீங்களா, இல்ல உள்ளேயே கொண்டு வந்து தரணுமா?" என்று அக்கறையோடு விசாரித்தாள். அவள் நின்ற இடத்தில்தான் பின்பக்கத்து ஸ்பீக்கர் ஒன்று வர வேண்டியிருந்தது. இன்னொன்று தையல் மெஷினுக்கு நேர் மேலே.

வட்டத்தின் மையம் எங்கே விழுந்தது தெரியுமா? எங்கள் இருவர் நாற்காலிக்கும் நடுவில், தண்ணீர்க் கூஜா வைக்கிற முக்காலியின் மேல். உங்கள் அத்தை எட்டிப் பார்த்தாள். "ஆக, முக்காலிக்கு நல்லாக் கேட்கும்" என்றாள். நான் உடனே உங்களுக்குப் போன் போட்டேன். நீங்கள் ஆபீஸில் ஏதோ கூட்டத்தில் இருந்தபடி, "சிம்பிள் மாமா, யாராவது ஒருத்தர் நடுவுல உட்காருங்க, அத்தையைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்க" என்றீர்கள். கல்யாணமான நாளிலிருந்து பக்கத்தில் பக்கத்தில் கிடந்த நாற்காலிகளைப் பிரிப்பது இவ்வளவு சிம்பிள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. முக்காலியை எடுத்துவிட்டு நான் நடுவில் உட்கார்ந்தேன். உங்கள் அத்தை கொஞ்சம் தள்ளி, பின்பக்கத்து ஸ்பீக்கருக்குக் கீழே உட்கார்ந்தாள். தையல் மெஷின் பின்னறைக்குப் போயிற்று.

முதல் நாள் படத்தில் ஒரு கார் திரையில் இடமிருந்து வலமாகப் பாய்ந்தது. அதன் சத்தம் வலமிருந்து இடமாகப் பாய்ந்தது. "என்னங்க, வண்டி அந்தப் பக்கம் போகுது, சத்தம் இந்தப் பக்கம் போகுது? ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லையா?" என்றாள். "இதுதான் புது டெக்னிக், பழகினா சரியாப் போயிடும்" என்று நான் பொறுமையாக விளக்கினேன். அடுத்து வில்லன் கதாநாயகியைப் பின்தொடர்ந்தான். அவன் காலடிச் சத்தம் உங்கள் அத்தையின் பிடரியில் கேட்டது. அவள் எழுந்து போய் அடுக்களைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தாள். அப்புறம் படத்தில் இடி. ஹெட்மாஸ்டர் உறுமியதில் மேல்வீட்டுக்காரர் மொட்டைமாடிக்கு ஓடி, காய்ந்துகொண்டிருந்த துணிகளையெல்லாம் வாரிக்கொண்டு வந்து, படிக்கட்டில் நின்று வானத்தைப் பார்த்தார். வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. மறுநாள் நிஜமாகவே இடித்தது. "வாத்தியார் வீட்டுல படம் ஓடுது" என்று அவர் நிம்மதியாக உட்கார்ந்துவிட்டார். மாடியில் காய்ந்த துணிகளெல்லாம் தொப்பலாக நனைந்தன. இப்போது என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். உங்கள் புண்ணியத்தில் அந்த உறவும் தெளிவாயிற்று.

அந்த முதல் நாளே உங்கள் அத்தை, "காதுக்குள்ள ஆள் உட்கார்ந்து குசுகுசுங்கிறான், நீங்களே கேளுங்க" என்று எழுந்து மெஷின் இருக்கிற இடத்துக்குப் போய்விட்டாள். கோபமில்லையாம். ரவிக்கை தைக்க வேண்டியிருக்கிறதாம். இத்தனை ரவிக்கை யாருக்கு?

மாப்பிள்ளை, உங்களிடம் சொல்வதற்கென்ன. நாங்கள் படம் பார்க்கிற முறையே வேறு. ஆரம்பித்த உடனே அவள், "இவன் யாரு?" என்பாள். நான் சொல்வேன். "முன்னாடி ஒருத்தன் வந்தானே, அவனா இவன்?" என்பாள். "அவன் செத்துட்டாம்மா, இவன் அவன் தம்பி" என்பேன். "நல்லாத்தானே இருந்தான், எப்போ செத்தான்?" என்பாள். இப்படி ஒரு வசனத்தைக்கூட முழுசாகக் கேட்காமல் எத்தனையோ படங்கள் பார்த்திருக்கிறோம். எல்லாக் கதையும் எனக்குப் புரிந்தது. இப்போது நடு நாற்காலியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். ஊசி விழுந்தாலும் கேட்கிறது. நேற்றுப் பார்த்த படத்தில் கொலை செய்தவன் யார் என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. சொல்லிக்கொடுக்க எதிரில் ஆள் இல்லாவிட்டால் வாத்தியாருக்கே பாடம் புரியாது போலிருக்கிறது. பாதியில் "இவன் அண்ணனா தம்பியா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். பின்னறையிலிருந்து மெஷின் சத்தம்தான் வந்தது. அது மட்டும் சரியான திசையில் வந்தது.

ஆகவே, வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்து உங்கள் ஐந்து பிள்ளைகளையும் ஹெட்மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரியே இருந்தாலும் எங்களுக்குப் பழைய டிவி சத்தம் போதும். அதில் எல்லாச் சத்தமும் ஒரே இடத்திலிருந்து வரும். நாங்களும் ஒரே இடத்தில் உட்காருவோம்.

மகளுக்கு என் ஆசிகள். உங்களுக்கும் சகல சௌபாக்கியங்களும் பெருகட்டும். சௌபாக்கியம் எந்தப் பெட்டியில் வந்தாலும், எங்கே வைப்பது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நடு நாற்காலியில் தனியாக,
உங்கள் மாமா

பி.கு. வண்டி பிடிக்க வேண்டாம். உறையில் விலாசம் எழுதச் சொல்லி இதை உங்கள் அத்தையிடம் கொடுத்தேன். விலாசத்துக்கு முன்னால் கடிதத்தை முழுவதும் படித்திருக்கிறாள். நேரே ஹாலுக்கு வந்து, டிவிக்கு முன்னால் நின்று, தரையில் அழிந்தும் அழியாமலும் இருந்த 'இ'யையும் 'வ'வையும் பார்த்தாள். "பிள்ளைங்களைப் பார்த்து நிக்கிற மாதிரி நின்னா எழுதினீங்க? படம் பார்க்கிறவங்களுக்கு இடது அந்தப் பக்கம்ல?" என்றாள். காலமெல்லாம் கரும்பலகைக்கு முதுகைக் காட்டியே நின்றவனுக்கு வேறு எப்படி நிற்கத் தெரியும்? அவளே பெட்டிக்குப் பின்னால் குனிந்து முன் வரிசை ஒயர்களையும் பின் வரிசை ஒயர்களையும் இடது வலது மாற்றிச் சொருகினாள். சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டும் நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். கார் போகிற பக்கமே சத்தமும் போயிற்று. அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை. இன்று மூன்றாவது படம். நான் தையல் மெஷின் ஸ்டூலை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு, ஸ்பீக்கருக்குக் கீழே இருக்கிறேன். காதில் விழுகிற கூச்சலில் எனக்கு ஒரு வசனமும் பிடிபடுவதில்லை. "இவன் யாரு?" என்று கேட்கிறேன். "முன்னாடி வந்தவன்தான், கவனிச்சுப் பாருங்க" என்கிறாள். கூரையில் தொங்கவிடுகிற அந்த ஒன்பது என்ன விலை என்று விசாரித்து எழுதச் சொன்னாள். மேலே முதல் பத்தியில் அடிக்கச் சொன்ன 'நாங்கள்' என்பதைத் திரும்பவும் சேர்த்துப் படிக்கவும்.