பஞ்சவர்ணக்கிளிக்கு வெள்ளிச் சங்கு

எதை வாங்கப் போனாலும் கேட்க வேண்டியதைக் கேட்காமல், தேவையில்லாததை மூன்று தரம் கேட்டுவிட்டு வருகிறவன் நான். கத்தரிக்காயில் தொடங்கி சைக்கிள் வரைக்கும் இதே கதைதான். ஆனால் என் வீட்டார் இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பது, நான் பஞ்சவர்ணக்கிளி வாங்கிய கதையை.

பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை ஒப்படைத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நான் முதலியார்பேட்டையிலிருந்து டவுனுக்குக் குமாஸ்தா வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். என் மனைவி சரோஜா தலைப்பிரசவத்துக்குக் கனகசெட்டிக்குளத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். பெண் குழந்தை. முப்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பேர் வைக்க ஏற்பாடு. ஊர் உலகத்து அப்பன்களைப்போல ஒரு கொலுசு வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். எனக்குத்தான் வந்தவர்கள் எல்லோரும் வாயைப் பிளக்க வேண்டுமே!

எங்கள் தெருவில் ஒரு சொல்தா இருந்தார். (பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.) குடும்பத்தோடு கப்பலேறப் போவதால் வீட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். சனிக்கிழமை மத்தியானம் நாற்காலி பார்க்கப் போனேன். மூலையில் ஒரு கூடை. அதற்குள் நீலமும் மஞ்சளுமாக, கழுத்தில் இன்னும் இறகு சரியாக மூடாத ஒரு பெரிய கிளி. யாரோ கப்பல்காரர் கொடுத்த ஜோடி அவர் வீட்டில் பொரித்த குஞ்சாம். தாயையும் தகப்பனையும் ஒரு மெட்ராஸ்காரர் வாங்கிப் போய்விட்டார்.

"பேசுமா?" என்று கேட்டேன்.

"நல்லா வளத்தா பேசும் தம்பி."

"பிரெஞ்சு பேசுமா?"

"நீ பேசுனா அதுவும் பேசும்."

"தமிழு?"

மூன்று கேள்வி, மூன்றும் பேச்சைப் பற்றி. எத்தனை மாதக் குஞ்சு, என்ன கொடுப்பது, தானாகச் சாப்பிடுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். "தம்பி, இத பாரு, இதுக்கு..." என்று ஆரம்பித்தார். நான்தான் காசை அவர் கையில் வைத்துவிட்டுக் கூடையோடு தெருவுக்கு வந்துவிட்டேன்.

வீட்டில் பச்சை மிளகாய், கொய்யா, நெல் எல்லாம் பரிமாறினேன். குஞ்சு எதையும் சீந்தவில்லை. என்னைப் பார்த்து அலகைத் திறந்து, தலையை மேலும் கீழும் ஆட்டி, கரகரவென்று குரல் கொடுத்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. வந்த அன்றே பேச முயல்கிறது! நாக்குதான் புரளவில்லை!

போன வாரம்தான் என் மாமியார் வசம்பைச் சுட்டு, இழைத்து, பேச்சு நன்றாக வரட்டும் என்று குழந்தையின் நாக்கில் தடவியதைப் பார்த்திருந்தேன். (அடுத்தது என்ன செய்தேன் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.) நாட்டு மருந்துக் கடைக்கு ஓடினேன். சுட்டேன். இழைத்தேன். தடவினேன். குஞ்சு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு திறக்கவே இல்லை.

காலையில் பார்த்தால் கூடையின் ஓரத்தில் சாய்ந்து கிடந்தது. பெருமை எல்லாம் போய், என் கையால் ஓர் உயிர் போகப் போகிறதே என்ற பயம் வந்துவிட்டது. கூடையை சைக்கிளில் கட்டிக்கொண்டு கனகசெட்டிக்குளம் வரைக்கும் நிற்காமல் மிதித்தேன். சரோஜாவுக்கு ஏதாவது தெரியும் என்பது மட்டும்தான் நம்பிக்கை.

வீடு நிறையச் சொந்தக்காரர்கள். "பொண்ணுக்கு அப்பா என்ன கொண்டாந்திருக்காரு?" என்று ஒருவர் மூடியைத் தூக்கினார். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். நான் நினைத்த விதத்தில் அல்ல.

"நல்ல நாளும் அதுவுமா சாவப்போற பட்சியத் தூக்கினு வந்திருக்கீங்களே மாப்ள!" என்றார் மாமியார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது பேர் முன்னால் மூக்கை உறிஞ்சினேன்.

சரோஜா மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். விரலால் அலகோரத்தை லேசாக வருடினாள். குஞ்சு வாயைத் திறந்து, மெதுவாகத் தலையை ஆட்டியது.

"ஏங்க, இது பேசலங்க, பசிக்குதுன்னு சொல்லுது. பச்சக் குழந்த. ஊட்டுனாத்தான் திங்கும்."

வெந்த சோற்றையும் பாசிப்பயற்றையும் மசித்து, வெந்நீர் விட்டுக் கூழாக்கி, புறங்கையில் சூடு பார்த்தாள். எதில் ஊட்டுவது? சுற்றும் முற்றும் பார்த்தாள். தாம்பாளத்தில், தாய்மாமன் சீராக வைத்திருந்த புத்தம்புது வெள்ளிச் சங்கு. குழந்தைக்குப் பால் புகட்ட வாங்கியது.

"அடியே, அது புள்ளையோட சங்குடீ!" என்று மாமியார் அலறுவதற்குள் முதல் வாய்க் கூழ் உள்ளே போய்விட்டது.

குஞ்சு தலையை ஆட்டி ஆட்டி விழுங்கியதில் பாதி மாமியாரின் புதுப் புடவையில் தெறித்தது. தொண்டைக்குக் கீழே இரைப்பை உப்பி உருண்டு வந்தது. அப்புறம் அது போட்ட சத்தத்தில், தொட்டிலில் குனிந்து குழந்தையின் காதில் பேர் சொல்லப்போன என் அக்கா பின்னால் சாய்ந்தாள். எனக்கு அந்தச் சத்தத்தைவிட இனிமையானது எதுவும் அதுவரை காதில் விழுந்ததில்லை. உட்கார்ந்த இடத்திலேயே சிரித்தேன், அழுதேன், இரண்டும் செய்தேன்.

அதன்பின் இரண்டு மாதம், மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் ஊட்டல். வேளை தவறாமல் ஊட்டியது யார் என்று நினைக்கிறீர்கள்? அதே மாமியார். ஒருநாள் அது தானாக ஒரு வேர்க்கடலையை உடைத்துத் தின்றதும், பேத்தி குப்புற விழுந்ததைவிடப் பெரிய செய்தியாக எனக்குச் சொல்லியனுப்பினார். (ஐம்பது அறுபது வருஷம் வாழும் பறவை என்று பிறகுதான் தெரிந்தது. அதையும் நான் கேட்டிருக்கவில்லை.)

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதை வாங்கினாலும் முதல் கேள்வி, "தானா சாப்பிடுமான்னு கேட்டீங்களா?" ரேடியோவானாலும் சரி, மின்விசிறியானாலும் சரி.

என் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று, எல்லாம் பேசி முடிந்து தாம்பூலம் எடுக்கப் போகும்போது, சரோஜா என் பக்கம் திரும்பி பழக்கதோஷத்தில் சத்தமாகவே கேட்டுவிட்டாள்: "ஏங்க, பையன் தானா சாப்புடுவாரான்னு கேட்டீங்களா?"

மாப்பிள்ளையின் அம்மா பெருமூச்சு விட்டார்.

"எங்கேம்மா... இன்னும் நான்தான் ஊட்டுறேன்."

கல்யாணத்தில் சீர்த் தட்டில் அந்த வெள்ளிச் சங்கையும் வைத்து அனுப்பினோம்.